அறுபதாவது தாள்

1999-இல் நான் அமெரிக்காவில், எடிசனில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில், மாடிப்படிக்குக் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நான்கு மாதமாக, தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக என் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். கூடுதல் சம்பளத்தில் புது வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது. ஆனால் வெர்மான்ட் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அப்ரூவல் நோட்டீஸ் வந்த பிறகுதான் அங்கே போய்ச் சேர முடியும். அதற்கு முன் பழைய வேலையை விட்டால் ஹெச்-1பி வேலை வீசா ஸ்டேட்டஸ் அன்றோடு போச்சு. பில்லும் கூப்பனும் வந்துகொண்டே இருந்தன, அது மட்டும் வரவில்லை. அந்த கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. நானும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அங்கேயே கிரீன் கார்டுக்கு முதல் படியான லேபர் சர்டிஃபிகேஷன், எங்கள் பேச்சில் ‘லேபர்’, போட்டார்கள். அது வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் விலகினால் எல்லாம் முதலிலிருந்து.

2000 அக்டோபரில் வந்த ஒரு சட்டம் எங்களை நிமிர வைத்தது. ஏ.சி.21 என்று சொல்வோம். புது கம்பெனி மனுப் போட்டாலே போய்ச் சேரலாம், அப்ரூவலுக்குக் காத்திருக்க வேண்டாம். கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருந்தால் ஆறு வருஷ வரம்பைத் தாண்டியும் ஹெச்-1பியை நீட்டலாம். இன்னொன்றும் இருந்தது: கிரீன் கார்டின் கடைசிப் படியான 485 மனுப் போட்டு 180 நாள் கடந்தால், அதே மாதிரி வேலையாக இருக்கும்வரை கம்பெனி மாறினாலும் மனு செல்லும். 2001 முதல் சில வருஷம் இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசையே இல்லாததால், லேபர் வந்த கையோடு 485 போட முடிந்தது. நான் போட்டேன், 180 நாளை எண்ணினேன், கம்பெனி மாறினேன். 2005-இல் கார்டு வந்தது.

இனிமேல் வருகிறவர்களுக்கு எங்கள் பாடு இருக்காது என்று மனதார நம்பினேன்.

என் அக்கா மகன் 2014-இல் ஹெச்-1பியில் வந்தான். வரிசையில் அவன் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் 2015 நவம்பர். லேபருக்குப் பிறகு கம்பெனி போடும் ஐ-140 மனுவும் அப்ரூவ் ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. குட்டி நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு. 1990-இல் எழுதிய இந்தக் கணக்கை இன்னும் மாற்றவில்லை.

2023 ஜனவரியில் அவன் வேலை போனது. மாதாமாதம் வரும் வீசா புல்லட்டினில், அவன் நின்ற இ.பி.-2 இந்தியா வரிசை அப்போது 2011-இல் நின்றது. எங்கள் காலத்தில் வேலை போனால் ஒரு நாள்கூட அவகாசம் கிடையாது. 2017 முதல் 60 நாள் தருகிறார்கள். அவன் வீட்டு அடுக்களைச் சுவரில், ஊரிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய தினசரி காலண்டர் தொங்கும். அறுபதாவது நாள் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருந்தான். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பான். மடித்த தாள் கொஞ்சம் மேலே வரும். அவன் மனைவி இவன் வீசாவை ஒட்டிக் கிடைக்கும் வேலை அனுமதியான ஹெச்-4 ஈ.ஏ.டி.யில் வேலை பார்க்கிறாள். இவன் ஸ்டேட்டஸ் போனால் அவள் வேலையும் போகும். ஊரில் பிறந்த பெண் குழந்தை நான்காம் வகுப்பு. 21 வயதுக்குள் முறை வராவிட்டால் அப்பா அம்மாவின் வரிசையிலிருந்து அவள் வெளியே.

நாற்பத்தொன்றாம் தாளில் ஆஃபர் வந்தது. ஐம்பத்து மூன்றில் மனு போய்ச் சேர்ந்தது. சட்டம் அந்த அளவுக்குக் கைகொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். பழைய கம்பெனியின் ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்ததால், அவர்கள் திரும்பப் பெற்றாலும் பிரையாரிட்டி டேட் அவனுடையதுதான். அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டியிருந்ததால், அந்த ஐ-140-ஐ வைத்தே மூன்று வருஷ நீட்டிப்பும் கிடைத்தது.

“லேபர் மறுபடி முதல்லேருந்தா மாமா?” என்று கேட்டான். ஆமாம், முதலிலிருந்துதான். விளம்பரம், சம்பள நிர்ணயம், லேபர், புது ஐ-140 என்று எல்லாமே. எனக்கு விடுதலை தந்த அந்த 180 நாள் விதி இவனுக்கும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 485 போட்டவனுக்குத்தான் அது. வரிசை நகராமல் 485 போட முடியாது. கம்பெனி மாறும் உரிமை சட்டத்தில் எங்களைவிட இவனுக்கு அதிகம். ஆனால் பத்து வருஷமாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் புதிதாக லேபர் போட மனசு வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

போன வருஷம் அவனுடைய மேனேஜர் கூப்பிட்டு ஒரு டீமைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பதவியும் வேலையும் மாறும். அதற்கு லேபரை மறுபடி போட வேண்டியிருக்கலாம் என்றார் வக்கீல். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரி போனில் அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. அடுத்த மாத வீசா புல்லட்டின் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டான்.