ஆட்டுக்கும் காவல், ஓநாய்க்கும் காவல்

விடுமுறை நாளில் பெங்களூருவிலிருந்து பன்னேர்கட்டாவுக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பாலோர் புலியையும் சிங்கத்தையும் பக்கத்தில் பார்க்கத்தான் போகிறார்கள். கம்பிவலை அடித்த வண்டி மெல்ல நகரும், மர நிழலில் படுத்திருக்கும் விலங்கு தலையைத் தூக்கிப் பார்க்கும், குழந்தைகள் கூவும். 2024-இல் அங்கே 20 ஹெக்டேர் பரப்பில் சிறுத்தை சஃபாரியும் தொடங்கியது. அடைப்புக்குள் திரியும் இந்த விலங்குகளுக்கு வேளாவேளைக்கு இறைச்சி கிடைக்கிறது, மருத்துவர் இருக்கிறார். வேலிக்கு வெளியே தானாக வாழும் விலங்குகளின் கதை வேறு. சஞ்சய் குப்பியும் ஹொளேமத்தி நேச்சர் ஃபவுண்டேஷன் குழுவினரும் கேமராப் பொறிகள் வைத்துச் செய்த ஆய்வின்படி, பெங்களூரைச் சுற்றி 80 முதல் 85 சிறுத்தைகள் இருக்கின்றன. இவற்றில் ஏறத்தாழ முப்பது பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்கு வெளியே, பாறைக் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும், ஊரை ஒட்டியே வாழ்கின்றன.

இன்னும் கொஞ்சம் வடக்கேயும் மேற்கேயும் போனால் ஓநாய்களின் நாடு. மண்டியா மாவட்டத்து மேலுகோட்டையில் ஓநாய்க்காகவே 1974-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. கொப்பள் மாவட்டத்தில் கங்காவதி அருகே பங்காபுராவில் அண்மையில் இன்னொன்று வந்திருக்கிறது. ஆனால் ஓநாய் சரணாலய எல்லைக்குள் அடங்கியிருக்கிற விலங்கு அல்ல. தக்காணத்து மேய்ச்சல் தரைகளும் தரிசு நிலங்களும்தான் அதன் வீடு. முன்பு அதற்கு வெளிமான் இரையாக இருந்தது. புல்வெளிகள் உழவுக்கும் ஆலைகளுக்கும் மனைகளுக்கும் போய் வெளிமான் அருகிய இடங்களில், மிஞ்சிய பெரிய இரை குருபர் இன இடையர்கள் ஓட்டிவரும் செம்மறிதான். இந்தியா முழுவதும் இன்று இருக்கும் ஓநாய்கள் மூவாயிரத்தைச் சற்றே தாண்டும் என்பது மதிப்பீடு. எண்ணிக்கையில் இது புலியோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் ஓநாயைப் பார்க்கவென்று சஃபாரி வண்டிகள் வரிசையில் நிற்பதில்லை.

சட்டம் ஓநாயைப் புலிக்குச் சமமாக வைத்திருக்கிறது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. சட்டத்தைத் தாண்டி ஓநாய் சாவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். செத்த ஆட்டின் உடலில் பூச்சிமருந்து தடவி வைப்பது ஒன்று. குகையின் வாயில் புகை மூட்டிக் குட்டிகளைக் கொல்வது இன்னொன்று. செய்கிறவர் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரே இரவில் நாலைந்து ஆடுகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அது ஒரு வருடச் சேமிப்பு. இழப்பீட்டுக்கு மனு எழுதலாம்; பணமே வந்தாலும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த ஆடு திரும்பாது. ஆடு சாகாமல் இருந்தால்தான் ஓநாயும் பிழைக்கும். அந்த இடத்தில்தான் மந்தையைக் காக்கும் கிடைநாய் வருகிறது.

கிடைநாய் என்றதும் ஓநாயோடு கட்டிப்புரண்டு சண்டை போடும் மூர்க்கமான நாயை மனம் கற்பனை செய்கிறது. நடப்பது பெரும்பாலும் அப்படியல்ல. நல்ல காவல்நாய் மந்தையைச் சுற்றி மூத்திரம் பெய்து எல்லை குறிக்கும். அந்தி சாயும்போதும் விடியும் முன்னும் சுற்றிவந்து குரைக்கும். அந்நிய விலங்கு நெருங்கினால் அதற்கும் ஆடுகளுக்கும் நடுவே வந்து நிற்கும். வேட்டையாடும் விலங்குக்குக் காயம் என்பது மிகப் பெரிய நஷ்டம். கால் ஒடிந்த ஓநாய்க்குச் சாப்பாடு போட ஆளில்லை. ஆகவே எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே அது பெரும்பாலும் ஒதுங்கி, முயலையோ வேறு சிறு விலங்கையோ தேடிப் போகும். குரைப்புச் சத்தத்தில் ஆட்டுக்காரர் விழித்துக்கொள்வது அடுத்த பலன். ஒரு சாவும் இல்லாமல் இரவு கழிந்தால் நாய் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இந்த நாய் உருவாவது வளர்ப்பில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970-களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கான காவல்நாய்களைப் பண்ணைகளில் விட்டுக் கவனித்தார்கள். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கி நான்கு மாதத்துக்குள் ஒரு பருவம் உண்டு. அப்போது யாரோடு படுத்து எழுந்து விளையாடுகிறதோ அவர்களையே தன் கூட்டம் என்று அது ஏற்கும். அந்தப் பருவத்தில் குட்டியை ஆட்டுப்பட்டியில் விட்டுவிட வேண்டும். ஆடுகளின் மணத்தோடும் கதகதப்போடும் அது வளர வேண்டும். வீட்டுக்குள் தூக்கிவந்து கொஞ்சி வளர்த்தால் அது வீட்டு நாயாகிவிடும். ஆடுகளை விட்டு வாசலிலேயே கிடக்கும்.

அடுத்த ஒரு வருடம்தான் சோதனை. விளையாட்டு வயதில் குட்டி ஆட்டின் காதைக் கடிக்கும், மயிரைப் பிடித்து இழுக்கும். ஆட்டுக்காரர் அவ்வப்போது அதட்டித் திருத்தவேண்டும். ஒன்றரை, இரண்டு வயது ஆனபிறகுதான் தனியே நம்பி விட முடியும். காப்பிங்கர்கள் மூன்று குணங்களைத் தேடினார்கள்: ஆட்டுக்குத் தீங்கு செய்யாமை, ஆட்டை விட்டுப் பிரியாமை, ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பது. முதல் குணம் இல்லாவிட்டால் மற்ற இரண்டாலும் பயனில்லை.

நம் பக்கத்தில் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. நல்ல ஜாதி நாய் வேண்டும் என்றால் கர்நாடகத்தில் முதோல் நாயைச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சிப்பிப்பாறையைச் சொல்வார்கள். இரண்டுமே அழகான, வேகமான வேட்டைநாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. மிரண்டு ஓடும் ஆட்டுக்குட்டி முன்னால் அந்தக் குணமே ஆபத்து. ராஜபாளையம் வீட்டையும் தோட்டத்தையும் காக்கப் பேர் போனது; மந்தையோடு மாதக்கணக்கில் நடக்க அதை வளர்ப்பது வழக்கமில்லை. மந்தைக்கென்றே உருவான நாயைப் பார்க்க இமயமலைக்குப் போகவேண்டும். இமாச்சலத்து கத்தி (Gaddi) இன இடையர்களின் நாய் பனிச்சிறுத்தைக்கே அஞ்சாதது. முள் வைத்த இரும்புப் பட்டையைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை மூன்றுக்கும் அடுத்து, நாட்டின் நான்காவது நாட்டு நாயினமாக அது 2025-இல் பதிவு பெற்றது. அதைத் தக்காணத்து வெயிலுக்குக் கொண்டுவருவது கொடுமை. இங்கே கிடையிலேயே பிறந்து கிடையிலேயே வளரும் பெயரில்லாத நாட்டு நாய்தான் உகந்தது என்பது என் எண்ணம்.

காவல்நாய் முறை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு நமீபியா சாட்சி. 1980-களில் அங்கே பண்ணையாளர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிவிங்கிப்புலிகளைக் கொன்றார்கள். லாரி மார்க்கர் 1990-இல் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் துருக்கியின் அனடோலியக் காவல்நாய்க் குட்டிகளைப் பண்ணைகளுக்கு வழங்கியது. நாய் வந்த பண்ணைகளில் கால்நடை இழப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக நிதியம் சொல்கிறது. துப்பாக்கியை எடுக்கும் காரணமும் அந்த அளவுக்குக் குறைந்தது. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்த முதல் எட்டுச் சிவிங்கிப்புலிகள் அந்த நமீபியாவிலிருந்து வந்தவைதான். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே ஒரு தீவில் நரிகளால் பெங்குவின்கள் பத்துக்கும் கீழே குறைந்துபோனபோது, 2006-இல் இத்தாலிய மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பறவைகள் மீண்டு பெருகின. ஆட்டைக் காக்கப் பழகிய குணம் பறவைக்கும் உதவியது.

பெங்களூரின் சிறுத்தைகள் விஷயத்தில் மட்டும் இந்த நம்பிக்கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தையின் எச்சங்களை ஆராய்ந்தபோது, அது தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாயிறைச்சி என்று தெரிந்தது. கனகபுரா பக்கம் தோட்டத்தில் சங்கிலியில் கட்டிப்போட்ட ஒற்றை நாய் சிறுத்தையை விரட்டாது, வரவழைக்கும். நகரத்தை ஒட்டிய ஊர்களில் ஆடுகளுக்கும் நாய்க்கும் சேர்த்து, கூரையோடும் கம்பிவலையோடும் உறுதியான இரவுப் பட்டி வேண்டும். முள்வேலி போதாது, சிறுத்தை தாவும். கிடைநாயின் இடம் திறந்த மேய்ச்சல் வெளி. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் வேண்டும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆட்டுக்காரரும் வேண்டும்.

ஓநாய் நாட்டிலும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓநாயும் நாயும் இணைந்து குட்டி போடக்கூடிய நெருங்கிய உறவுகள். புனே அருகே அப்படிப் பிறந்த கலப்பினங்கள் இருப்பதை, பெங்களூரு ஏட்ரீ, என்.சி.பி.எஸ். நிறுவன ஆய்வாளர்களும் புனேயின் புல்வெளி அறக்கட்டளையும் சேர்ந்து மரபணுச் சோதனையில் 2023-இல் உறுதி செய்தார்கள். கலப்பு பரவினால், கொல்லாமலேயே ஓநாய் மறைந்துபோகும். வெறிநோயும் டிஸ்டெம்பரும் நாயிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றும். எனவே கிடைநாய்த் திட்டம் என்று எதைத் தொடங்கினாலும் அதில் கருத்தடையும் இரு நோய்களுக்குமான தடுப்பூசியும் முதல் செலவாக இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஆட்டுக்கு ஊசி போட மேய்ச்சல் தரைக்கு வருகிற அன்றே நாய்க்கும் போட்டுவிடலாம். இதற்குத் தனிப் பயணம் வேண்டியதில்லை. நாய்க்கான மருந்தையும் குளிர்ப்பெட்டியில் எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான்.