இரவல் முத்திரை

சக்கரங்களின் நூற்றாண்டு – 17

1687இல் கியூபெக்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர். பதிவேட்டில் தன்னைப் பிரபு வம்சத்தவராக எழுதிக் கொடுத்தார்: அந்துவான் த லாமோத், கேடிலாக் சீமான். சொந்த ஊர்க்காரர் ஒருவர் பந்தியில் இருந்திருந்தால் புரையேறியிருக்கும். அவருடைய நிஜப் பெயர் அந்துவான் லோமே. தென்மேற்குப் பிரான்ஸில் ஒரு சிற்றூர். அப்பா சட்டம் படித்த உள்ளூர் உத்தியோகஸ்தர். பட்டமும் கிடையாது, சீமையும் கிடையாது. அக்கம்பக்கத்துப் பிரபு ஒருவரின் குலச்சின்னத்தைப் பார்த்து, கட்டம் கட்டமாக, காலில்லாத குட்டிப் பறவைகளோடு தனக்கும் ஒன்று வரைந்துகொண்டார். கடல் தாண்டி வந்தவரை யார் விசாரிக்கப் போகிறார்கள்!

1701இல் இதே ஆள்தான் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை எழுப்பினார். அதுதான் டெட்ராய்ட். பிற்காலத்தில் பாரீஸின் பாஸ்டீய் சிறையிலும் சில மாதம் இருந்துவிட்டு வந்தார்.

பேக்கார்டு என்ற அமெரிக்க சொகுசு வண்டியின் இடத்தைப் பிடித்த வண்டியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வண்டியின் பெயர் இவருடையது. மூக்கில் குத்தியிருக்கும் சின்னமும் இவர் வரைந்துகொண்டதுதான்.

டெட்ராய்ட் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடி முடித்த மறுவருடம், ஹென்றி ஃபோர்டின் இரண்டாவது கம்பெனியும் தள்ளாடிக்கொண்டிருந்தது. முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் 1902 மார்ச்சில் ஃபோர்டு வெளியேறினார். போட்ட பணத்தில் கிடைத்ததையாவது எடுப்போம், இயந்திரங்களை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவர்கள், விலை மதிப்பிட ஒரு பெரியவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் ஹென்றி லேலண்ட். வயது 59, வெள்ளைத் தாடி, இயந்திரப் பட்டறை முதலாளி. பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விற்க வேண்டாம், என்னிடம் ஒரு இன்ஜின் இருக்கிறது, அதை வைத்து வண்டி செய்யுங்கள் என்றார். ஓல்ட்ஸ்மொபைலுக்காக அவர் மேம்படுத்தி, அவர்கள் வேண்டாமென்று சொன்ன ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அது. கம்பெனிக்குப் புதுப் பெயர் வேண்டியிருந்தது. ஊரை நிறுவியவர் பெயரையே வைத்தார்கள்.

இந்த லேலண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கேடிலாக் பின்னால் அறுபது எழுபது வருடம் உட்கார்ந்து சாப்பிட்ட சொத்து அவர் சேர்த்து வைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு கோல்ட் கம்பெனி, அதன் பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப். துப்பாக்கித் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: ஒரு துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே பொருந்த வேண்டும். போர்க்களத்தில் அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. மோட்டார் வண்டிப் பட்டறைகளில் அன்று அந்தச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஃபிட்டர்கள் அரத்தால் ராவி ராவித்தான் பாகங்களைப் பொருத்துவார்கள். ஒரு வண்டியின் பிஸ்டன் அதன் தம்பி வண்டிக்குச் சேராது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை லேலண்ட் பக்திபோலக் கொண்டாடினார்.

அந்த பக்தி சந்தைக்கு வந்தது 1908இல், இங்கிலாந்தில். அமெரிக்க வண்டி என்றால் மலிவுச் சரக்கு என்று அங்கே முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம். கேடிலாக்கின் லண்டன் முகவர் ஃப்ரெடெரிக் பென்னட், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பிடம் போய் ஒரு சோதனை கேட்டார். விற்பனைக்கு வந்திருந்த வண்டிகளிலிருந்து மூன்றைக் கிளப்பே பொறுக்கியது. புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றையும் கடைசித் திருகுவரை கழற்றியது. வண்டிக்கு 721 பாகம், மூன்றுக்கும் 2,163. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலும் 89 பாகங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, முகவரின் கிடங்கிலிருந்த உதிரிபாகங்களைப் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகள் ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு, அரத்தைத் தொடாமல், மூன்று வண்டிகளை மறுபடி கட்டினார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறி, வண்டிகள் ஒட்டுப்போட்ட போர்வைபோல இருந்தன. மூன்றும் கிளம்பின. மூன்றும் 500 மைல் ஓடின. கிளப் தரும் டூவர் கோப்பை அந்த ஆண்டு கேடிலாக்குக்கு வந்தது. கம்பெனி அதன்பின் தன்னை உலகத்துக்கே அளவுகோல் என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. பிரபு வம்சத்துக் கதையைப் போலல்லாமல் இதற்குச் சாட்சி இருந்தது.

1909இல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கியது. லேலண்டே தொடர்ந்து நடத்தினார். அன்று வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். இதற்கு மாற்றுக் கேட்டு லேலண்ட் போனது டேட்டனிலிருந்த சார்லஸ் கெட்டரிங்கிடம். கடைகளின் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் ஓட வைத்தவர் கெட்டரிங். கல்லாவைத் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி பலமாக உந்தினால் போதும். இன்ஜினுக்கும் அதேதான். 1912ஆம் வருட கேடிலாக் மின்சாரத்தால் கிளம்பிய வண்டி. கைப்பிடி போனதும் பெண்கள் துணையில்லாமல் வண்டியெடுக்க முடிந்தது. இன்னொரு டூவர் கோப்பையும் வந்தது.

லேலண்ட் கேடிலாக்கை விட்டுப் போனது 1917இல். முதல் உலகப் போருக்கு விமான இன்ஜின் செய்யலாமா என்பதில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரோடு மோதல். வெளியே வந்து, தான் 1864இல் வோட்டுப் போட்ட ஜனாதிபதியின் பெயரில் லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். அது நொடித்து 1922இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. சில மாதத்தில் லேலண்டை வெளியே அனுப்பினார். இருபது வருடத்துக்கு முன் ஃபோர்டு விட்டுப்போன பட்டறையில் நுழைந்தவருக்கு ஃபோர்டு திருப்பிச் செய்த மரியாதை. அமெரிக்காவின் இரண்டு பெரிய சொகுசு வண்டிகளையும் தொடங்கியது ஒரே கிழவர் என்பதை இரண்டு கம்பெனிகளுமே உரக்கச் சொல்வதில்லை.

இருபதுகளின் பகட்டை நான் வேகமாகக் கடக்கிறேன். 1930 ஜனவரியில், பங்குச் சந்தை விழுந்த சூடு ஆறுமுன், பதினாறு சிலிண்டர் வண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். பதினொரு வருடத்தில் அதில் சுமார் 4,000தான் விற்றது. 1928இல் 40,000ஐத் தாண்டியிருந்த கேடிலாக்கின் மொத்த விற்பனை 1933இல் 7,000ஐத் தொடவில்லை. கேடிலாக்கை இழுத்து மூடலாமா என்று ஜெனரல் மோட்டார்ஸில் பேச்சு எழுந்தது.

அடுத்து நடந்ததை நமக்குச் சொன்னவர் பீட்டர் ட்ரக்கர். நிர்வாகவியல் நூல்களால் நமக்குத் தெரிந்த அதே ட்ரக்கர். நாற்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் இருந்து ஆராய்ந்தவர். தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கேடிலாக்கின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிக்கலஸ் ட்ரைஸ்டாட் என்ற ஜெர்மானியர். கறுப்பினத்தவருக்கு கேடிலாக் விற்பதில்லை என்பது அப்போது கம்பெனிக் கொள்கை. ஆனால் பழுதுபார்க்க வரும் வண்டிகளின் சொந்தக்காரர்களில் கறுப்பின டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள் இருப்பதை ட்ரைஸ்டாட் பார்த்தார். விசாரித்தால், ஒரு வெள்ளைக்காரருக்குச் சில நூறு டாலர் கொடுத்து, அவர் பெயரில் ஷோரூமில் வாங்க வைக்கிறார்கள். நல்ல தெருவில் வீடு வாங்க விடமாட்டார்கள், நல்ல ஓட்டலில் அறை தரமாட்டார்கள். சம்பாதித்ததை ஊரறியக் காட்ட அவர்களுக்கு இருந்த ஒரே பொருள் கார்.

அழைப்பில்லாமல் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குள் நுழைந்தார் ட்ரைஸ்டாட். வாசலில் நிற்கிற இந்த வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்போம், தரகருக்குப் போகிற பணம் நமக்கு வரட்டும் என்றார். மனசாட்சியைத் தொட்டுப் பேசியதாகத் தெரியவில்லை, கணக்கைத்தான் காட்டினார். ஒப்புக்கொண்டார்கள். விற்பனை நிமிர்ந்தது. 1934இல் ட்ரைஸ்டாட்டே கேடிலாக்கின் தலைவரானார். அவர் தயாரிப்புச் செலவை இறக்கிய சாமர்த்தியத்துக்கும் இந்த மீட்சியில் பங்கு உண்டு. ஆனாலும், கடையை மூடாமல் வைத்தது கடைக்குள் விடப்படாதவர்கள் என்ற இந்த அத்தியாயம் கம்பெனியின் பளபளப்பான வரலாற்றுப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் வருவதில்லை. 1949 செப்டம்பரில் கறுப்பினத்தவரின் 'எபனி' மாத இதழ், நம்மவர்கள் ஏன் கேடிலாக் வாங்குகிறார்கள் என்றே ஒரு தலையங்கம் எழுதியது. ஆடம்பரம் என்று ஏளனம் செய்தவர்களுக்கு அது பதில்.

அந்தச் சமயத்தில் கேடிலாக்குக்கு வால் முளைத்திருந்தது. வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் போருக்குச் சற்று முன்பு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் பி-38 போர் விமானத்தைக் காட்டியிருந்தார். அதன் இரட்டை வால் 1948 மாடலின் பின்பக்கத்தில் சிறு துடுப்பாக எட்டிப் பார்த்தது. வருடத்துக்கு வருடம் வளர்ந்து 1959இல் ராக்கெட்போல விளக்கு வைத்த இரண்டு கத்திகளாக நின்றது. வண்டியின் நீளம் பத்தொன்பது அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்ஸன் இளஞ்சிவப்பில் ஒன்று வைத்திருந்தார், எல்விஸ் பிரெஸ்லியும். நாட்டுப்புறப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டன்று தன் கேடிலாக்கின் பின்சீட்டில் பிணமாகக் கிடந்தார். சலவை இயந்திரமோ பேனாவோ, எதை உயர்த்திப் பேசினாலும் 'இதுதான் அதில் கேடிலாக்' என்பது அமெரிக்கப் பேச்சில் பழகிப்போனது. வாலைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 1950இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு கேடிலாக்குகள் ஓடி, பத்தாவதாகவும் பதினோராவதாகவும் வந்தன. அதில் ஒன்று கிட்டத்தட்ட கடையில் விற்ற வண்டி. வாலுக்கு முன்னால் லேலண்டின் பட்டறை இன்னும் இருந்தது.

அது எப்போது காலியானது என்று கேட்டால் நான் எழுபதுகளைச் சொல்வேன். வருடத்துக்கு மூன்று லட்சம் வண்டி விற்றது, அதுதான் வினை. தெருவுக்குத் தெரு நிற்கும் வண்டிக்கு அந்தஸ்து ஏது? 1976இல் தங்கள் எல்டொராடோ மாடலை அமெரிக்காவின் கடைசித் திறந்த கூரை வண்டி என்று அறிவித்தார்கள். ஜனங்கள் முதலீடாக நினைத்து வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1984இல் கம்பெனியே மறுபடி திறந்த கூரை வண்டியைக் கொண்டுவந்ததும், ஏமாந்த சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981இல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் இன்ஜின். யோசனை அருமை, இன்று பல வண்டிகளில் இருக்கிறது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை. வண்டி குலுங்கியது. பலர் மெக்கானிக்கிடம் சொல்லி அந்த இணைப்பையே வெட்ட வைத்தார்கள்.

பிறகு சிமரான். 1982 மாடலாக வந்த இந்த வண்டி, ஷெவர்லே கவாலியர் என்ற மலிவு வண்டிக்குத் தோல் இருக்கை போட்டு, மூக்கில் லோமேயின் குலச்சின்னத்தைக் குத்தியது. நான்கு சிலிண்டர், 88 குதிரைச்சக்தி, விலை 12,000 டாலருக்கு மேல். பக்கத்து ஷோரூமில் அதன் உடன்பிறப்பு ஏறத்தாழ பாதி விலைக்கு நின்றது. 2,163 பாகத்தைக் கலந்து கொட்டி ஜெயித்த கம்பெனி, இப்போது அடுத்த வண்டியின் பாகங்களையே தன் பெயரில் விற்றது. ஆறேழு வருடம் விடாமல் விற்றார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதற்குள் ஜெர்மன் வண்டிகள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. 1989இல் லெக்ஸஸும் வந்தது.

ஆனாலும் அமெரிக்க சொகுசு வண்டிகளில் விற்பனையில் முதலிடம் என்ற பட்டத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்கள். 1998இல் லிங்கன் கழுத்துவரை வந்துவிட்டது. லேலண்டின் இரண்டாவது பிள்ளை! வருடக் கடைசிக் கணக்கில் கேடிலாக் 222 வண்டி வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தது. 1999 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் மன்னிப்புக் கேட்டது. விற்பனைக் கணக்கில் 4,773 வண்டிகள் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தன. முதலிடம் லிங்கனுக்குப் போனது.

அடுத்த சில வருடங்களில் கேடிலாக்கைத் தூக்கி நிறுத்தியது எஸ்கலேடு என்ற ராட்சச வண்டி. அதுவும் முதலில் இன்னொரு வண்டிக்கு முகம் மாற்றிக் கொண்டுவந்ததுதான். லிங்கனின் நேவிகேட்டருக்குப் போட்டியாக அவசரமாக இறக்கிய அதை, வயதான வசதிக்காரர்கள் வாங்குவார்கள் என்று கம்பெனி எதிர்பார்த்தது. வாங்கிக் கொண்டாடியவர்கள் ராப் பாடகர்களும் கூடைப்பந்து வீரர்களும். பாட்டுக்குப் பாட்டு பெயர் வந்தது, வீடியோவுக்கு வீடியோ வண்டி வந்தது. இந்த முறை ஷோரூமில் தரகர் வேண்டியிருக்கவில்லை.

புதிய நூற்றாண்டுக்காகச் சின்னத்தையும் திருத்தினார்கள். கிரீடத்தை எடுத்தார்கள். காலில்லாத பறவைகளைப் பறக்க விட்டார்கள். சுற்றியிருந்த இலை வளையமும் 2014இல் போனது. லோமே பக்கத்துப் பிரபுவைப் பார்த்து வரைந்த கட்டங்கள் மட்டும் இன்னும் வண்டியின் மூக்கில் இருக்கின்றன.

(தொடரும்)