மௌனமும் மோனமும்

நாவடங்குதல் வேறு, நெஞ்சடங்குதல் வேறு. இரண்டிற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, நாம் ஒன்றையே வழங்கி மற்றொன்றை மறந்து வருகின்றோம். மறந்து வரும் அச்சொல் மோனம்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. ‘முனி’ என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது மௌனம். கௌதமன் பாலி மொழியில் கோதமன் ஆனாற்போல, ஔகாரம் ஓகாரமாகி மோனம் என நின்றது. ஒலி சிறிதே திரிந்தது. பொருளோ தமிழ் வழக்கில் தனிவழி சென்றது.

வழக்கை நோக்குங்கள். சினங்கொண்டவன் ‘மௌனம் சாதித்தான்’ என்கின்றோம். ‘மோனம் சாதித்தான்’ என்பாரில்லை. காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் வாய் திறவாமல், வேண்டியதை எழுதிக் காட்டினார். அது மௌன விரதம். சிவன் கோயிலின் தென்புறத்தே ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் தக்கிணாமூர்த்தியின் நிலையோ மோனம். ஔவையாரின் கொன்றை வேந்தன் அறிவின் எல்லையாக வைப்பதும் மோனத்தையே. தியானமும் இதனின் வேறானது. ஒரு பொருளை நினைந்து அதிலேயே நிற்பது தியானம். அந்நினைவும் அடங்கியது மோனம்.

அறிவியல் மாணவர்க்கு ஓர் உவமை கூறலாம். கலங்கல் நீரைக் கண்ணாடிக் கோலால் கலக்குகின்றோம். கோலை நிறுத்துவது மௌனம். நீர் தெளிவது மோனம். நிறுத்த ஒரு நொடி போதும்; தெளிய நேரம் வேண்டும். துகளின் ஆரம் பாதியானால் அது படியும் வேகம் நான்கில் ஒன்றாகும் என்பது 1851இல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதியின் முடிபு. நுண்ணிய துகளே கடைசியில் படியும். நுண்ணிய எண்ணமும் அவ்வாறே.

பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளியை அடுத்து, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலிப் பள்ளி உள்ளது. அங்கு மாலையில் மாணவர் பேசாமல் அமர்ந்து ஞாயிறு மறைவதைக் காணும் வழக்கம் உண்டு. மௌனத்தில் தொடங்கி மோனத்தை நோக்கும் பயிற்சி என அதனைச் சொல்லலாம்.

திருப்பதியில் பயிலும் நாமும் பல வேளைகளில் பேசாதிருக்கின்றோம். விடுதியில் நண்பர்கள் தெலுங்கில் நகைத்து உரையாட, முற்றும் விளங்காமல் வாய்மூடி அமர்ந்திருப்போம். உள்ளே ஊர் நினைவு ஓயாது அலைமோதும். அது வெறும் மௌனம். தெலுங்கைப் பேசிப் பழகினால் தீரும். மோனமோ தனியே நாடிப் பெற வேண்டியது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், நமக்கு வேண்டியது பேச்சா, அமைதியா என்பதே தெரியாமற் போகும். ஆதலின், தோழர்களே, மோனம் என்னும் சொல்லை எழுத்திலும் பேச்சிலும் வழங்குவோமாக!