துணி நீலமா மாறுதா? ரைபிள் குழலைக் கழுவும் கெமிஸ்ட்ரி!

+2 கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? காப்பர் உப்புக் கரைசலில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், டெஸ்ட் டியூப் அடர் நீலமாக மாறுமே! அதே ரியாக்‌ஷனை வைத்துத்தான் ரைபிள் குழலில் ஒட்டியிருக்கும் செம்பைக் கரைக்கிறார்கள்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் என 2 ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளோடு நின்றவர். அவரைப் பார்த்து மங்கலம்பேட்டையிலிருந்து நீங்களும் ஷூட்டிங் கிளப்பில் சேரப் போறீங்களா? இல்ல, என்.சி.சி-யில இருக்கீங்களா? அப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. எல்லா அழுக்குக்கும் ஒரே சால்வென்ட் கிடையாது.

குழலுக்குள் திருகாணி மரை மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் காடிகள் இருக்கும். தோட்டாவைச் சுழல வைப்பது இவைதான். அதில் அழுக்கு படிந்தால் குறி தப்பும். என்ன அழுக்கு என்பதுதான் கேள்வி. வெடிமருந்துக் கரி என்றால், மண்ணெண்ணெய் வகை சால்வென்ட்டிலேயே இளகிவிடும். போலீஸ், ராணுவ ரைபிள்களின் தோட்டாவுக்குச் செம்புக் கலவை உறை உண்டு. அது விட்டுச்செல்லும் படிவுக்குத்தான் அமோனியா. உள்ளே விட்டு எடுத்த துணியில் நீலம் தெரிந்தால் செம்பு இன்னும் பாக்கி. ஆனா, வெண்கல பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்த பிரஷ்ஷே கரைந்து நீலம் காட்டும். அழுக்கு போகலையேன்னு நாள் பூரா தேய்க்க வேண்டியதுதான்!

என்.சி.சி-யின் .22 ரைபிளில் பெரும்பாலும் வெறும் ஈயத் தோட்டா. அங்கே அமோனியாவுக்குப் பெருசா வேலை இல்லை.

இதைவிட சுவாரஸ்யம், பழைய .303 ரைபிளின் கதை. அந்தக் காலத் தோட்டாக்களின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறும். கிட்டத்தட்ட நம்ம சமையல் உப்பின் தம்பி! காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். கடலூர் கடற்கரையோர வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. அதனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார்கள். உப்பு கரைந்து ஓடிவிடும். சூட்டில் குழலும் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம்தான் எண்ணெய்.

இளவேனில் பயன்படுத்தும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெடிமருந்தே இல்லை. அழுத்தப்பட்ட காற்றுதான் 4.5 மி.மீ ஈயக் குண்டைத் தள்ளுகிறது. யூடியூபைப் பார்த்து இதில் சால்வென்ட் ஊற்றினால் கதை முடிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் காற்று கசியும். ஸ்பிரிங் வகை ஏர் கன்னில் இன்னும் மோசம். எண்ணெயோ சால்வென்ட்டோ உள்ளே போனால், காற்று அழுந்தும் சூட்டில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றி வெடிக்கும். ஏர் ரைபிள் குழலுக்கு ஃபெல்ட் துணியில் செய்த சின்ன உருண்டைகளைத் தள்ளிவிட்டாலே போதும்.

எந்தத் துப்பாக்கியானாலும், தோட்டா உள்ளே இல்லைன்னு கண்ணால் பார்த்த பிறகுதான் கம்பியைக் கையில் எடுக்கணும். முடிந்தவரை பின்பக்கமிருந்தே கம்பியை விடுங்க. வாய்ப்பக்கம் உரசினால் குறியே கெடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஈயத்தைக் கரைக்கும் வீடியோவைத் தயவுசெய்து முயற்சி செய்யாதீங்க. அதில் உருவாகும் லெட் அசிடேட் தண்ணீரில் கரையும் விஷம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு அப்புறம் பஜ்ஜியைத் தொடுங்க.