கருவேலம் இனி 'அகேசியா' இல்லை: ஒரு பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போன கதை

கண்மாய்க் கரையில் முள்ளோடு நிற்கும் கருவேல மரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆலோடு சேர்த்துப் பல்லுக்கு நல்லது என்று பழமொழி சொல்லும் 'வேல்' இதுதான். பழைய தாவரவியல் புத்தகங்களில் இதன் பெயர் 'அகேசியா நிலோட்டிகா'. இன்றைய சர்வதேசப் பட்டியல்களில் தேடினால் 'வச்செல்லியா நிலோட்டிகா' என்று வருகிறது.

மரம் அதேதான், பெயர்தான் வேறு. 'அகேசியா' என்ற பெயர் இப்போது முக்கியமாக ஆஸ்திரேலிய மரங்களுக்குச் சொந்தம். இத்தனைக்கும் அந்தப் பெயருக்கு அசல் உரிமையாளர் கருவேலம்தான். பிறகு எப்படிக் கை மாறியது? ஒரு தாவரவியலாளரின் ஆராய்ச்சி, டிஎன்ஏ ஆதாரம், கூடவே ஒரு சர்ச்சைக்குரிய ஓட்டெடுப்பு என மூன்றும் சேர்ந்த கதை இது.

(ஒரு சின்ன விளக்கம்: ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலம் இதில் வராது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு மரம்.)

பெயர் முதலில் யாருக்கு?

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், எகிப்தில் வளரும் ஒரு முள்மரத்தை 'அகேகியா' என்று குறிப்பிட்டார். 1754-ல் இங்கிலாந்துத் தோட்டக்கலை நிபுணர் பிலிப் மில்லர், 'அகேசியா' என்பதை ஒரு பேரினத்தின் பெயராக வெளியிட்டார்.

தாவரப் பெயர்களுக்குச் சர்வதேச விதிமுறை இருக்கிறது. ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு 'வகைமாதிரி' இனம் வேண்டும். பேரினத்தைப் பின்னாளில் பிரிக்க நேர்ந்தால், வகைமாதிரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். குடும்பம் பாகப்பிரிவினை செய்யும்போது பூர்வீக வீட்டுப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுபோல. அகேசியாவின் பத்திரம் அகேசியா நிலோட்டிகா கையில், அதாவது கருவேலத்தின் கையில் இருந்தது.

ஆஸ்திரேலிய மரங்கள் உள்ளே வந்தது எப்படி?

19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் அகேசியாவுக்கு ஓர் எளிய அடையாளம் வகுத்தார். பூவில் ஏராளமான மகரந்தத்தாள்கள் இருக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். மஞ்சள் பந்துபோல் பூக்கும் ஆஸ்திரேலியாவின் 'வாட்டில்' மரங்களும் இந்த அடையாளத்துக்குப் பொருந்தின. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, அகேசியா 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரும் பேரினமாகிவிட்டது. அதில் சுமார் 1,000 இனங்கள் ஆஸ்திரேலியாவில் மட்டும்.

ஆனால் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். கருவேலத்தின் இலைக்காம்படியில் ஜோடி ஜோடியாக முள் இருக்கும். பெரும்பாலான வாட்டில்களில் அப்படி இல்லை. கருவேலத்தின் இலை சிறகுபோலப் பிரிந்திருக்கும். பல வாட்டில்களில் வளர்ந்த மரத்தில் அப்படி இலையே இருக்காது. தட்டையாகி இலைபோல மாறிய இலைக்காம்புதான் இருக்கும்.

நம்ம ஊர்ச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நடப்பட்ட அகேசியா ஆரிக்குலிஃபார்மிஸ் மரத்தில் இதைப் பார்க்கலாம். அரிவாள்போல் வளைந்த அந்த 'இலை' உண்மையில் இலைக்காம்பு. அதன் விதை முளைக்கும்போது முதலில் வருவது சிறகு வடிவ இலைதான். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் காம்பு தட்டையாகி இலையின் வேலையை எடுத்துக்கொள்கிறது. மூதாதையருக்கு எப்படிப்பட்ட இலை இருந்தது என்பதை ஒவ்வொரு நாற்றும் காட்டிவிடுகிறது.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஆஸ்திரேலியா படிப்படியாக வறண்டபோது, இந்த வாட்டில்கள் கண்டம் முழுக்கப் பரவிப் புதுப் புது இனங்களாகப் பிரிந்தன. தடித்த காம்பிலை வறட்சியைத் தாங்க உதவியது. கடினமான தோல் கொண்ட விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருந்து, காட்டுத்தீயின் சூடு பட்டதும் முளைக்கும்.

பெட்லி சொன்னது என்ன?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து உலர்தாவரக் காப்பகத்தில் வேலை பார்த்தவர் லெஸ் பெட்லி. அகேசியாக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அவர், 1986-ல் ஒரு துணிச்சலான முடிவை வெளியிட்டார். 'இது ஒரே பேரினம் இல்லை, மூன்று' என்பதுதான் அது.

கருவேலம் வகை மரங்கள் 'அகேசியா'வாகவே இருக்கும். சீகைக்காய் போன்றவை 'செனகேலியா'. ஆஸ்திரேலிய வாட்டில்களுக்கு 'ராக்கோஸ்பெர்மா' என்ற பெயர். விதிமுறைப்படி பார்த்தால் பெட்லி செய்தது சரி. பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பெயரைக் கொடுத்தார். அதனால் தன் சொந்த நாட்டின் சுமார் 1,000 மரங்கள் பெயரை இழக்கும் என்பது தெரிந்தே கொடுத்தார்.

ஆஸ்திரேலியாவில் பலர் இதை ஏற்கவில்லை. ஆனால் 1990-களின் இறுதியிலிருந்து வந்த டிஎன்ஏ ஆய்வுகள், பழைய அகேசியா ஒரே வம்சம் இல்லை என்பதை உறுதிசெய்தன. வாட்டில்களுக்கு நெருங்கிய சொந்தம் கருவேலம் இல்லை. வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காய்ப்புளி மரங்கள் இருக்கும் கிளைதான். பூ ஒரே மாதிரி இருந்ததை வைத்துப் போட்ட கணக்கு, வம்சாவளியில் தப்பாகிப்போனது. மூன்று என்று பெட்லி சொன்னதும் போதவில்லை. அமெரிக்க இனங்களுக்காக இன்னும் பேரினங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் எதற்குச் சண்டை?

பிரிக்க வேண்டும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. பிரித்த பிறகு 'அகேசியா' யாருக்கு என்பதுதான் கேள்வி.

2003-ல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் டோனி ஆர்ச்சர்டும் புரூஸ் மாஸ்லினும் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். வகைமாதிரியையே மாற்றி, கருவேலத்துக்குப் பதிலாக 'அகேசியா பென்னிநெர்விஸ்' என்ற ஆஸ்திரேலிய இனத்தை வைக்கலாம் என்றார்கள். அதாவது பத்திரத்தையே மாற்றி எழுதுவது. அதே ஆண்டு பெட்லி, ஆஸ்திரேலிய இனங்களை ராக்கோஸ்பெர்மா என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டார்.

ஆஸ்திரேலியத் தரப்பின் வாதம் எண்ணிக்கை. கருவேலம் பக்கம் சுமார் 160 இனங்கள்தான். பெரிய கூட்டத்தின் பெயரை மாற்றினால் சட்டங்கள், விதை வியாபாரம், ஆய்வுகள் எல்லாவற்றிலும் குழப்பம் வரும் என்றார்கள். உணர்வும் கலந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய மலர் பொன்னிற வாட்டில். கிரிக்கெட் ஜெர்சியில் பார்க்கும் பச்சை-மஞ்சள் கூட வாட்டிலோடு சேர்த்துப் பார்க்கப்படும் நிறங்கள்தான்.

எதிர்த்தரப்பு கேட்டது வேறு. முள்மரத்துக்கு என்றே வைத்த பெயரை, பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குக் கொடுப்பது எப்படி நியாயம்? ஆப்பிரிக்கப் புல்வெளியின் குடைபோன்ற அந்த மரங்கள் அகேசியா இல்லை என்றால் வேறு எது அகேசியா? அந்தப் பக்கத்து இனங்கள் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா எனப் பல நாடுகளில் பரவியிருக்கின்றன. ஒரு நாட்டின் வசதிக்காக இத்தனை நாடுகள் லேபிளை மாற்ற வேண்டுமா?

54.9% எதிர்ப்பு, ஆனாலும் பாஸ்

நிபுணர் குழு 9-க்கு 6 என்ற கணக்கில் முன்மொழிவை ஆதரித்தது. 2005 ஜூலையில் வியன்னாவில் சர்வதேசத் தாவரவியல் மாநாடு கூடியது. ஓட்டுப் போட்டவர்களில் 54.9 சதவீதம் பேர் முன்மொழிவுக்கு எதிர்ப்பு, 45.1 சதவீதம் பேர் ஆதரவு.

இங்கதான் ட்விஸ்ட். குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் எதிர்ப்பு வேண்டும் என்று நடைமுறை வைக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மை எதிர்த்தும் முன்மொழிவு ஜெயித்தது. நடைமுறையே தவறு என்று கருத்து மோதல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2011-ல் அடுத்த மாநாடு நடந்த இடம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட ஓட்டுகளோடு வியன்னா முடிவு உறுதியானது.

பெட்லியின் நிலைமைதான் விசித்திரம். பிரிக்க வேண்டும் என்று அவர் சொன்ன அறிவியல் ஜெயித்தது. ஆனால் வாட்டில்களுக்கு அவர் கொடுத்த ராக்கோஸ்பெர்மா என்ற பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது.

புதுப் பெயருக்கு மெட்ராஸ் தொடர்பு

பெயரை இழந்த கருவேலத்துக்குக் கிடைத்த 'வச்செல்லியா' உண்மையில் புதிதல்ல. மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்கள் பற்றி 1834-ல் வெளியிட்ட நூலில் வைத்த பெயர் அது. சீனாவில் செடிகள் சேகரித்த ஜார்ஜ் வச்செல் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்தார்கள். நீண்ட காலம் பெரிதாகப் புழங்காமல் இருந்த பெயர், இந்தச் சண்டையால் மறுபடி உயிர் பெற்றது.

சரி, இதனால் நமக்கு என்ன?

அறிவியல் பெயர் என்பது ஒரு செடியின் முகவரி. மருந்து ஆய்வு, விதை இறக்குமதி, அயல் தாவரங்களை அகற்றும் பணி எல்லாமே அதை வைத்துத்தான் நடக்கின்றன. நீலகிரியில் 'சீகை மரம்' என்று சொல்லப்படும் வாட்டில், பிரிட்டிஷார் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம். சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்திருக்கும் அது இன்றும் 'அகேசியா மியர்ன்சி'. நம் மண்ணின் கருவேலமும் வெள்வேலமும் குடைவேலமும் வச்செல்லியா. தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் செனகேலியா. எல்லாவற்றையும் 'அகேசியா' என்று ஒரே பட்டியலில் போட்டால், வெட்ட வேண்டியதும் காக்க வேண்டியதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அதனால் கருவேலம் பற்றி ஆய்வோ புராஜெக்ட்டோ செய்பவர்கள் இரண்டு பெயரிலும் தேடுவது நல்லது. 2005-க்கு முந்தைய தகவல்கள் பெரும்பாலும் பழைய பெயரில்தான் கிடக்கின்றன.

எந்த மரம் எதற்குச் சொந்தம் என்பதை டிஎன்ஏ சொல்லிவிடும். எந்தப் பெயர் யாருக்கு என்பதை மனிதர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவுசெய்கிறார்கள். அந்த ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்து, 54.9 சதவீதம்கூடத் தோற்றுப்போகலாம்.