வேங்கடத்தின் அடிவாரத்தில் ஒரு நாள்

பிழைப்பின் பொருட்டுச் சித்தூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் திருப்பதிக்குச் செல்லாதவை இல்லை எனலாம். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அங்கே காண்பது மலையையும் தரிசன வரிசையையுமே. பெருமாளைச் சேவித்து, லட்டுப் பிரசாதத்துடன் அடுத்த வண்டியைப் பிடித்துவிடுகிறோம். மலையடிவாரத்து ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்க எண்ணி, சென்ற விடுமுறையில் பிள்ளைகளுடன் புறப்பட்டோம். அன்பர்களுக்குப் பயன்படும் என்று அதனை ஈண்டு எழுதுகிறோம்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பாகாலா சந்திப்பு வழியாகச் செல்லும் இப்பாதை முன்னர் மீட்டர் கேஜாக இருந்து, பின்னர் அகலப்பாதை ஆயிற்று. ரயில்வே எழுத்தர் என்பதால் பரிந்து பேசவில்லை. குழந்தைகளோடும் கட்டுச்சோற்று மூட்டையோடும் செல்வோர்க்குப் பாசஞ்சர் வண்டியே சிக்கனமானது.

திருப்பதி நிலையத்தில் இறங்கியவுடன் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது கோவிந்தராஜர் கோயில். ஏழு நிலைக் கோபுரம் தெருவை நோக்கி ஓங்கி நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இராமானுசர் இக்கோயிலை அமைத்தார் என்றும், சிதம்பரத்திலிருந்து அகற்றப்பட்ட கோவிந்தராஜரை இங்கே எழுந்தருளச் செய்தார் என்றும் வைணவ மரபு கூறும். கோயிலைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாம் மட்டும் அல்லேம். இப்பெருமாளும் அவ்வாறு வந்தவரே என்று வீட்டார் கூறிய சொல் நம் நெஞ்சில் தங்கிற்று.

இங்கேதான் நம் மகள் கற்சுவரில் இருந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்து, “அப்பா, இது தெலுங்கா?” என்றாள். தமிழ் என்றோம். “வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், பின் ஏன் எனக்குப் படிக்க வரவில்லை?” என்றாள். தெருப் பலகைகளைத் தெலுங்கில் தடையின்றிப் படிப்பவள் அவள். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழிலேயே உள்ளன. பழைய எழுத்தாகையாலும் புள்ளி இன்மையாலும் அவற்றைப் படிப்பது பெரியோர்க்கும் எளிதன்று. ஆயினும் ‘க’வும் ‘ம’வும் ‘ப’வும் கண்ணுக்கு அகப்பட்டன. அவற்றைக் காட்டியபோது அவள் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

அடுத்துக் கபில தீர்த்தம் சென்றோம். மலையடிவாரத்தில் கபிலேசுவரர் கோயில். அதன் முன் திருக்குளம். மழைக்காலத்தில் மலையிலிருந்து அருவி அதில் வந்து விழும். வைணவத் தலமாகிய ஊரில் சிவபெருமானும் வீற்றிருப்பது பிள்ளைகளுக்குப் புதுமையாயிருந்தது.

பின்னர்த் திருச்சானூர். தாயாரின் திருநாமம் பத்மாவதி, தமிழில் அலர்மேல்மங்கை. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவராகக் கருதப்படும் அன்னமாச்சாரியார் தம் தெலுங்குக் கீர்த்தனைகளில் தாயாரை ‘அலமேலுமங்க’ என்றே அழைக்கிறார். தெலுங்குப் பாட்டினுள் தமிழ்ப் பெயர்! மலைமேலும் மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. இரு மொழியும் இங்கே பகையின்றிக் கலந்து வாழ்ந்தமைக்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

பிற்பகலில் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகரப் பேரரசின் பிற்கால அரசர்களுக்குத் தலைநகராய் இருந்த ஊர் இது. மூன்று அடுக்கு ராஜமகாலில் தொல்பொருள் துறையின் அருங்காட்சியகம் உள்ளது; வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை அன்பர்கள் நினைவிற்கொள்க. அருகே இருப்பது ராணிமகால். மாலையில் சந்திரகிரி நிலையத்திலேயே வண்டி ஏறினோம்.

எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953இல் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தெற்கே சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கல்லில் வெட்டிய எழுத்து மட்டும் இடம் பெயரவில்லை. அதைப் படிப்பாரின்றிப் போனால்தான் இவ்வூர் நமக்கு அயலூராகும்.

தெலுங்கு நமக்குச் சோறிடும் மொழி. அதை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அதனோடு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்தும் கற்பிக்க நம் சங்கத்தார் ஏற்பாடு செய்வார்களாயின், நாமும் வந்து பலகையில் எழுதிக் காட்டச் சித்தமாயிருக்கிறோம். அடுத்த முறை கோவிந்தராஜர் கோயிலுக்குப் பல வீட்டுப் பிள்ளைகளும் ஒருங்கே செல்லட்டும்.