ஒரு ரன் எடுப்பதற்குள்...

முதல் வேலையில் சேர்ந்து சரியாகப் பன்னிரண்டாவது நாள். அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட். என் மேஜை மேல் ஒரு ஃபைல். அதன் தலையில் மஞ்சள் சீட்டு ஒட்டி, மேனேஜர் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'ரன் திஸ் பை தி ஆடிட்டர்.'

பி.காம். படித்தவன் நான். 'ரன்' தெரியும். 'ஆடிட்டர்' தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் பொடி வார்த்தைகள். அர்த்தம் பளிச்சென்று விளங்கியது: ஆடிட்டரிடம் ஓடு!

ஓடினேன் சார். கிண்டியிலிருந்து மயிலாப்பூருக்கு. நவம்பர் மாதம், மழை. ஃபைலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பஸ்ஸில் தொங்கி, தெப்பமாக நனைந்து போய் நின்றேன். ஆடிட்டர் பெரியவர். என்னைப் பார்த்துப் பதறி, முதலில் ஒரு துண்டு கொடுத்தார். அப்புறம் ஃபைலைப் புரட்டினார்.

"சரியாத்தான் இருக்கு. இதுக்கா தம்பி இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருக்கலாமே!"

திரும்பி வந்தால் ஆபீஸே இரண்டு பட்டுக் கிடக்கிறது. ஃபைலுக்குள் கையெழுத்தான செக் இருந்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டிய சப்ளையர் ரிசப்ஷனில் மூன்று மணி நேரமாக உட்கார்ந்து, ரயிலைக் கோட்டை விட்டுவிட்டு, மேனேஜரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பிடித்தார்.

"யோவ், ஆடிட்டர் காதுல ஒரு வார்த்தை போட்டு வைன்னு எழுதினா, ஃபைலைத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போயிட்டியா?"

அன்று ராத்திரி மேன்ஷன் ரூமில் ஈரச் சட்டையை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டுவிட்டு, பக்கத்து ரூம்காரரிடம் டிக்ஷனரி கடன் வாங்கிப் பிரித்தேன். 'ரன்' எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தது. எங்கே முடிகிறது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன், இன்னும் ரன். அடுத்த பக்கம், அங்கேயும் ரன். தூங்கிப் போனேன்.

பிறகுதான் தெரிந்தது, தூங்கியதில் தப்பில்லை என்று. ஆக்ஸ்ஃபோர்டின் மகா டிக்ஷனரி 1928-ல் முழுசாக வெளிவந்தபோது அதில் ரொம்ப நீளமான வார்த்தை 'செட்'. 1989-ல் இரண்டாவது பதிப்பு வந்தபோதும் அதே 'செட்'தான் ராஜா. மூன்றாவது பதிப்புக்காக வேலை செய்தபோது சிம்மாசனம் கைமாறியது. 2011-ல் வந்த செய்திப்படி, 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள். பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் அந்த ஒரே வார்த்தையோடு ஒன்பது மாதம் குடும்பம் நடத்தியிருக்கிறார். ஒன்பது மாதம்! பிள்ளையே பெற்றிருக்கலாம்.

இயந்திரங்கள் வந்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அதுவரை மனுஷனும் குதிரையும் ஆறும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் மில் ஓடியது, ரயில் ஓடியது, கடைசியில் மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்குள் புரோகிராமும் ஓட ஆரம்பித்துவிட்டது.

இதில் வெள்ளைக்காரனை மட்டும் கிண்டல் பண்ண முடியாது. நம் 'ஓடு' லேசுப்பட்டதா? படம் ஓடுது, மிக்ஸி ஓடுது, கடிகாரம் ஓடுது. "எப்படி இருக்கீங்க?" "ஏதோ ஓடுது சார்." என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பரீட்சை ஹாலில் ஒண்ணும் ஓடவில்லை என்றால் மூளை. எதிர்வீட்டுப் பெண் ஓடிவிட்டாள் என்றால் அதில் ஓட்டமே இருக்காது. பெரும்பாலும் ஆட்டோவில்தான் போயிருப்பாள். ஒரு 'ட்' சேர்த்து 'ஓட்டு' என்றால் வண்டியையும் ஓட்டலாம், புதுசாகக் கல்யாணமானவனையும் ஓட்டலாம், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பூத்தில் போய்ப் போடவும் போடலாம்.

ஓட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ரன்' பண்ணுகிறார். இங்கிலாந்தில் அதே வேட்பாளர் 'ஸ்டாண்ட்' பண்ணுகிறார். ஒருத்தர் ஓடுகிறார், இன்னொருத்தர் நிற்கிறார், வேலை ஒன்றுதான். நம்ம ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். ஜெயித்த பிறகு அதே இடத்தில் போய்ப் பார்த்தால் இருப்பதில்லை, அது வேறு விஷயம்.

கிரிக்கெட்டுக்கு வாருங்கள். பிட்ச் 22 கெஜம் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் ஒரு ரன்னுக்கு ஓட வேண்டியது அவ்வளவு இல்லை. கோட்டுக்குக் கோடு 58 அடி, அதாவது 17.68 மீட்டர். அதிலும் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓடவே வேண்டாம், நின்ற இடத்தில் நான்கு ரன். ஓடாதவனுக்குப் பேர் ரன் எடுத்தவன். விழுந்தடித்து ஓடியவன் ரன் அவுட். எங்கள் ஆபீஸில் இன்க்ரிமென்ட் போடுவதும் கிட்டத்தட்ட இதே ரூல்படிதான்.

இதைவிட அழகு ரயில்வே. டிரைவர், கார்டு எல்லாம் அங்கே 'ரன்னிங் ஸ்டாஃப்'. ஓடின கிலோமீட்டருக்குத் தகுந்தபடி 'ரன்னிங் அலவன்ஸ்' உண்டு. நியாயம்தான். அவர்கள் டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டித் தூங்குகிற இடத்துக்கு என்ன பேர் தெரியுமா? 'ரன்னிங் ரூம்'!

காமர்ஸ்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். கரன்ட் அக்கவுன்ட், கரன்சி, கூரியர், கோர்ஸ், கம்ப்யூட்டர் திரையில் கண்ணடிக்கிற கர்சர், எல்லாமே ஒரே குடும்பம். லத்தீனில் 'ஓடு' என்று அர்த்தமுள்ள ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பணத்துக்கு ஓட்டத்தின் பேரை வைத்தவன் மாதக் கடைசியைப் பார்த்தவனாக இருக்க வேண்டும்.

காலேஜில் 'லாங் ரன்', 'ஷார்ட் ரன்' படித்திருப்பீர்கள். "லாங் ரன்னுன்னா எத்தனை வருஷம் சார்?" என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். லெக்சரர் சிரித்தார். வருஷக் கணக்கு கிடையாது. கட்டடம், மெஷின் என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள எத்தனை காலம் பிடிக்குமோ அது லாங் ரன். டீக்கடைக்கு அது ஒரு வாரமாக இருக்கலாம், இரும்பு ஆலைக்குப் பத்து வருஷமாக இருக்கலாம். கேட்டவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அதே லெக்சரர் அடுத்த வாரம் இன்னொரு ரன்னை நடத்தினார். 'ரன் ஆன் எ பேங்க்'. அதைக் கேட்டபோது எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

பேங்க் நம் பணத்தை அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடன் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எவ்வளவு நல்ல பேங்க்காக இருந்தாலும் கொடுக்க முடியாது. முதலில் வருகிறவனுக்குக் கிடைக்கும், கடைசியில் வருகிறவனுக்குக் கிடைக்காது. அதனால் 'பேங்க் அவ்வளவுதான்' என்று ஒரு வதந்தி கிளம்பினால், அதை நம்பாதவன்கூட முதல் ஆளாகப் போய் நிற்பதுதான் புத்திசாலித்தனம். எல்லோரும் புத்திசாலியாக நடந்துகொள்வதாலேயே வதந்தி நிஜமாகிவிடும்.

லெக்சரர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கும்பகோணத்தில் இருந்தேன்.

1998. எனக்குப் பதினோரு வயசு. விடிகாலை நான்கு மணிக்கு அப்பா எழுப்பினார். "வாடா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்." சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி வாசல். ஷட்டர் மூடியிருந்தது. அந்த நேரத்திலேயே இருநூறு பேருக்கு மேல் வரிசை. அக்காவின் கல்யாணத்துக்கென்று அப்பா நாற்பதாயிரம் ரூபாய் போட்டு வைத்திருந்தார். நூற்றுக்கு இருபத்து நான்கு வட்டி என்று சொல்லி வாங்கியிருந்தார்கள்.

என்னை எதற்கு அழைத்துப் போனார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அப்பாவுக்கு எட்டரை மணிக்கு ஆபீஸ். அவர் போன பிறகு வரிசையில் இடம் போகாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் டிராயர் பாக்கெட்டில் வைத்துப் பின் குத்திவிட்டார்.

நின்றேன். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் இன்றைக்கும் மறக்கவில்லை. கோயில் வரிசை மாதிரி இருந்தது. ரிடையரான வாத்தியார் ஒருவர், பூக்காரம்மா, பட்டுத்தறிக்காரர்கள். சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு ஒருத்தர் வரிசை நெடுகப் போய் டீ விற்றார். அவரும் ஐயாயிரம் போட்டிருந்தாராம். தன் இடத்தில் செருப்பை விட்டு அடையாளம் வைத்துவிட்டு வியாபாரம் பார்த்தார். எனக்குக் காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஷட்டர் திறக்கவில்லை. அப்புறமும் திறக்கவே இல்லை.

அக்கா கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. அம்மாவின் வளையல்கள் போயின. அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

எட்டு வருஷம் கழித்து வகுப்பில், அன்றைக்கு நான் நின்ற நிலைக்குப் பேர் 'ரன்' என்கிறார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது. நன்றாகவே எழுதினேன்.

படிக்காமல் விட்டதைப் பின்னால் படித்துக்கொண்டேன். 1906-ல் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி சாய்ந்து ஏகப்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தச் சூட்டில்தான் அடுத்த வருஷம் இந்தியன் பேங்க் பிறந்தது. 1960-ல் கேரளாவில் பாலை சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது. அதன் விளைவாக 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. ஆரம்பத்தில் ஒருத்தருக்கு 1,500 ரூபாய் வரைதான். 2020-லிருந்து ஐந்து லட்சம். வட்டியும் சேர்த்துத்தான் அந்த ஐந்து லட்சம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இது பேங்க்குகளுக்கு மட்டும். ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்ட பணத்துக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. 1998-லும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. முதல் சம்பளம் வாங்கிய கையோடு, 'மாசம் மூணு பர்சன்ட் தர்றாங்க மச்சி' என்று ரூம்மேட் சொல்லும்போது இந்தப் பாராவை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடுங்கள்.

2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பேங்க்குக்கு இதே கதி நேர்ந்தது. ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் எடுக்க முயன்ற தொகை 42 பில்லியன் டாலர். வரிசையில் நின்று வாங்கியிருந்தால் மாதக் கணக்கில் ஆகியிருக்கும். எல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் பட்டனைத் தட்டியே நடந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா பேப்பரில் படித்துவிட்டுக் கேட்டார்.

"ஏண்டா, வரிசையே கிடையாதாமே?"

"ரொம்பக் கம்மிப்பா. வீட்டுல உக்காந்தபடியே எடுத்துட்டாங்க."

"எடுக்காதவன் கதி?"

"எல்லாருக்கும் முழுசாக் கிடைச்சிடும்னு மூணாவது நாளே அரசாங்கம் சொல்லிடுச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தைப் பார்த்தேன், பீரோவைப் பார்த்தேன். அந்தப் பிளாஸ்டிக் கவர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

"இந்த மாதிரி எல்லாரும் போய் நிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்னமோ பேரு போட்டிருக்கானே..."

"ரன்."

"ரன்னுன்னா ஓடுறதுதானே?"

"ஆமாப்பா."

"நாங்க யாரும் ஓடலையேடா," என்றார் அப்பா. "அவன்தானே ஓடினான்!"